கல் தின்னும் மாடு

கல் எதற்கு மாட்டுக்கு என்றார் வேலப்பன்,
வடுகபட்டியில் பூண்டை இறக்கிவிட்டு
வெறும் லாரியில் ஏற்றிவந்த ஒரே மூட்டையைக்
காலால் தள்ளியபடி.
சுண்ணாம்புக்கல் பொடி. ஐம்பது கிலோ.
ஓரம் பிய்ந்து, பலகையெல்லாம் வெள்ளை.
"வீட்டுக்கு அடிக்கவா?" என்று கேட்டுவிட்டு
அவரே சிரித்துக்கொண்டார்.

நான் வாய் திறக்கவில்லை.
போன தை மாதமே பேசி முடித்துவிட்டது:
விடியலில் மன்னவனூர்ச் சரிவெங்கும்
கண்ணாடியை அரைத்துத் தூவியதுபோல் உறைபனி.
வெயில் ஏறியதும் புல்
வெந்த கீரையாகத் துவண்டு, கறுத்து.
சொசைட்டி நோட்டில் என் பேருக்கு நேரே
பதினொன்று இருந்த இடத்தில்
நாலரை.
செவலையின் விலா எலும்பை
எண்ணத் தெரியாதவன்கூட எண்ணியிருப்பான்.

ஐப்பசியில் மக்காச்சோளம் அறுத்தோம்,
நகத்தால் கிள்ளினால் மணியில்
பால் பாதி, மாவு பாதி வரும் பதத்தில்.
வெட்டும் மெஷினுக்கு மணிக்கு இருநூறு வாடகை;
நடுவில் பெல்ட் அறுந்த நாற்பது நிமிஷத்துக்கும்
காசு வாங்கிக்கொண்டுதான் போனான்.

கேரட் கழுவும் தொட்டிக்குப் பின்னால் குழி.
கோமாரி ஊசி அட்டையின் பின்பக்கம்
டாக்டர் ஹெப்சிபா எழுதிக் கொடுத்த கணக்கு:
ஐந்து டன் பச்சைக்கு ஐம்பது கிலோ கல்,
இருபத்தைந்து கிலோ உப்பு.
கீழே ஒரு கோடு போட்டு,
"காற்று இருக்கவே கூடாது."

ஒரு சாண் பச்சை. ஒரு கை வெள்ளை.
பிறகு மிதி.
நானும் என் ஓரகத்தி தனக்கொடியும்
தோளைப் பிடித்துக்கொண்டு மிதித்தோம்.
பித்தவெடிப்பில் உப்பு ஏறி எரிந்தது.
முழங்கால் வரை சோளச்சாறு.
"யாரை நினைத்துக்கொண்டு மிதிக்கிறாய்?" என்றேன்.
"வட்டிக்காரனை."
அவள் பக்கம் நன்றாக இறுகியது.
என் பக்கம் சுமார்தான்.
எனக்கு அன்று யார்மேலும் கோபம் வரவில்லை.

தார்ப்பாய், மண், பழைய லாரி டயர் ஆறு.
மூடி முடித்த களைப்பில்
வெறும் உப்புச் சாக்கை அதன்மேலேயே
உதறியது நான்தான்.
இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

பத்தொன்பதாம் நாள் இரவு
நாய் ஒருமுறை குரைத்துவிட்டுக்
கட்டிலுக்கு அடியில் வந்து படுத்தது.
சன்னல் வழியே டார்ச் அடித்தேன்.
குழிமேல் ஒரு கரிய குன்று,
நான்கு கால்களிலும் வெள்ளைக் காலுறை.
காட்டுமாடு
அவசரமே இல்லாமல் தார்ப்பாயை நக்கிக்கொண்டிருந்தது.
வெளிச்சத்தைத் திரும்பிப் பார்த்து,
பார்த்தாயிற்று என்பதுபோல் மறுபடி குனிந்தது.
சோலைக்குள் எந்தப் பாறையை நக்கினாலும்
அதற்கு இவ்வளவு கிடைக்காது.

விடிந்தபோது
ஒரு டயர் தொட்டிக்குள் கிடந்தது.
மூலையில் குளம்பு இறங்கிய கிழிசல்.
சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினேன்,
பூண்டுச் சாக்கை விரித்துக் களிமண் அப்பினேன்.
உள்ளே எவ்வளவு காற்று போனதென்று தெரிய
இன்னும் இருபத்தாறு நாள்.

மார்கழி. கவுஞ்சிப் பக்கம் பனி விழுந்த காலையில்
திறந்தோம்.
கிழிந்த மூலையில் சாம்பல் பூசணம், இரண்டு முழம்.
மீதி, ஊறிய மாவடு நிறத்தில்,
மூக்கைப் பிடித்து இழுக்கும் புளிப்பு.
செவலை மோந்தது. தும்மியது.
முகத்தைத் திருப்பிக்கொண்டது.
அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.
இரண்டாம் நாள் ஒரு வாய்.
நான்காம் நாள்
வெறும் தொட்டியை அது நக்கும் சத்தத்தில் எழுந்தேன்.

வேலப்பன் ஒரு பிடி அள்ளி
உள்ளங்கையில் பரப்பி, விரலால் கிளறி,
"கல்லைக் காணோமே" என்றார்.
நோட்டில் எட்டேகால்.
பதினொன்று இல்லை.

பூசணம் பிடித்ததை எருக்குழியில் கொட்டி
மண் தள்ளி மூடினேன்.
காலையில் போய்ப் பார்த்தால்
ஈர மண்ணில் அகலமான வரிகள்,
நாக்கு இழுத்த போக்கில்,
மேட்டிலிருந்து கீழாக.